பச்சைப் பூச்சுக்கு அடியில் களிம்பு: பழைய 386 மதர்போர்டு வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

பழைய கம்ப்யூட்டர்களை வாங்கிச் சரிசெய்யும் பழக்கம் உள்ளவர்கள் இதைப் படித்த பிறகு பணம் அனுப்புங்கள். நான் 9,500 ரூபாய் கொடுத்து ஏமாந்திருக்கிறேன்.

அப்பா தொண்ணூறுகளில் எழுதிய கடிதங்கள் சில, ஐந்தேகால் அங்குல ஃப்ளாப்பிகளில் கிடக்கின்றன. டாஸ் இயங்குதளத்தில் ஓடிய ஆதமி என்ற தமிழ் மென்பொருளில் தட்டியவை. அந்தக் காலத்து மெஷினிலேயே அவற்றைத் திறந்து பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. அதற்காகத்தான் ஏஎம்டி 386டிஎக்ஸ்-40 என்ற அந்தக் காலத்துப் பிராசசர் சிப் உள்ள மதர்போர்டு ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. ‘முழுதாகச் சரிசெய்தது, பேட்டரி எடுத்தாச்சு, டெஸ்ட் பண்ணியது’ என்று விற்பவர் போட்டிருந்தார். படங்களில் போர்டு பளிச்சென்று இருந்தது. மெமரி எண்ணும் திரையைக் காட்டும் வீடியோவும் அனுப்பினார். நம்பி யூபிஐயில் முழுத் தொகையையும் போட்டுவிட்டேன்.

கூரியர் வந்த அன்றே இணைத்தேன். பவர் சப்ளையிலிருந்து வரும் பி8, பி9 கனெக்டர்கள் இரண்டையும் கறுப்பு வயர்கள் நடுவில் சேர்ந்து வரும்படிதான் செருகினேன். மாற்றிச் செருகினால் போர்டு போய்விடும் என்பது தெரியும். ஸ்விட்சைப் போட்டதும் ஆறு பீப். திரையில் ஒன்றுமே இல்லை. மெஷினைத் தொடக்கிவைக்கும் புரோகிராமான ஏஎம்ஐ பயாஸில் ஆறு பீப் என்றால் கீபோர்டு கன்ட்ரோலர் பக்கம் கோளாறு. அந்த கன்ட்ரோலர் 8042 என்ற சிப். என்னிடமிருந்த வேறொரு 8042-ஐ மாற்றிப் பார்த்தேன். அதே ஆறு பீப்.

இந்த வகை போர்டுகளில் பலவற்றில் கீபோர்டு சாக்கெட்டுக்குப் பக்கத்தில்தான் பீப்பாய் வடிவ 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரி இருக்கும். வருடக்கணக்கில் அது கசிந்து, காரம் போர்டின் செம்புக் கோடுகளான ட்ராக்குகளில் இறங்கிக் களிம்பு ஏற்றிவிடும். பேட்டரியை எடுத்துவிட்டால் மட்டும் அது நிற்காது. வினிகர் தொட்டுக் காரத்தை முறித்து, தண்ணீரில் கழுவி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, அரித்துப்போன பூச்சைச் சுரண்டி, அறுந்த ட்ராக்குகளை வயர் போட்டு இணைக்க வேண்டும். பொறுமையான வேலை. அதைச் செய்து முடித்திருக்கிறார் என்று நினைத்துத்தான் அந்த விலை கொடுத்தேன்.

அந்த இடத்தில் பஞ்சுக் குச்சியில் ஆல்கஹால் தொட்டுத் தேய்த்தேன். பஞ்சு பச்சையாகிவிட்டது. போர்டில் செம்பை மூடியிருக்கும் அசல் பச்சைப் பூச்சு, அதாவது சாலிடர் மாஸ்க், ஆல்கஹாலில் கரையாது. இது மேலே பூசிய பெயின்ட். நாலு குச்சி தேய்த்ததும் உள்ளே நீலமும் பச்சையுமாகப் பொடிந்த களிம்பு. கழுவக்கூட இல்லை, அப்படியே பூசி மெழுகியிருக்கிறார். மல்டிமீட்டரில் கண்டின்யூட்டி, அதாவது இணைப்பு அறாமல் இருக்கிறதா என்று பார்த்தால் 8042-க்குப் போகும் ட்ராக்குகளில் நான்கு அறுந்திருந்தன. சரிசெய்த இடத்துக்கு மேல் பச்சை மாஸ்க் போடுவது தப்பில்லை, நானும் போடுவேன். அழுகலை மூடப் போடுவதுதான் மோசடி.

போன் செய்தேன். “சார், பழைய பொருள் சார், என்கிட்ட ஓடிச்சு. கூரியர்ல அடி பட்டிருக்கும்” என்றார். அடி பட்டால் களிம்பு எப்படி ஏறும் என்று கேட்டேன். அதற்கப்புறம் அவர் எடுக்கவில்லை.

பெரிய லென்ஸ் வைத்திருக்கும் நண்பர் ஒருவருடன் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, முடியளவு எனாமல் வயரால் நான்கு ட்ராக்குகளையும் இணைத்தேன். போர்டு எழுந்தது. சந்தோஷத்தில் திரையையே பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் கீழே இருந்த வரி கண்ணில் பட்டது. ஏஎம்ஐ பயாஸ் தொடங்கும்போது திரையின் அடியில் எண்களும் எழுத்துகளுமாக நீளமான ஒரு வரி வரும். பயாஸ் எந்த போர்டுக்கானது என்பதை அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். அவர் அனுப்பிய வீடியோவைத் திறந்து நிறுத்திப் பார்த்தேன். அதில் இருந்தது வேறு வரி. ஓடியது என் போர்டே இல்லை.

அதனால் வாங்கும் முன் வீடியோ கேட்டால், இன்றைய தேதியை எழுதிய தாளைப் போர்டின் மேல் வைத்து, போர்டிலிருந்து திரை வரை கேமராவை நிறுத்தாமல் எடுக்கச் சொல்லுங்கள். பேட்டரி இருந்த இடத்தைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் நெருங்கி எடுத்த படமும் கேளுங்கள். பூசிய இடத்தின் மினுமினுப்பு மற்ற இடத்திலிருந்து வித்தியாசமாகத் தெரியும். கீபோர்டு சாக்கெட்டின் கால்களும் படத்தில் இருக்கட்டும், களிம்பு அங்கேயும் ஏறியிருக்கும். நேரில் போக முடிந்தால் ஆல்கஹாலும் பஞ்சும் எடுத்துப் போங்கள். தேய்க்கக் கூடாது என்று தடுத்தால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

நேற்று அவர் இன்னொரு ‘முழுதாகச் சரிசெய்த’ 386-ஐ விற்பனைக்குப் போட்டிருக்கிறார். வேறு படங்கள், வேறு போர்டு. வீடியோ மட்டும் எனக்கு அனுப்பிய அதே வீடியோ. அடியில் அதே வரி.