மலிவு பேஸ் கித்தாருக்கு மேல்பூச்சு: சாதா லாக்கரா, டூ-கே (இரு பாகம் கலக்கும்) பூச்சா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில் கித்தாருக்கு மறுபூச்சு அடிக்கும்போது வண்ணத்தைவிட ஈரக்காற்றுதான் பெரிய தலைவலி. லாக்கர் என்பது கரைப்பான் ஆவியாகிக் காயும் பூச்சு. அந்தக் கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிரும். காற்றின் ஈரம் அதில் படிந்து பால்போல் வெளுத்துவிடும். பனி காய்ந்த பிறகு, மாலை மழைக்கு முன்பே அடித்து முடியுங்கள்.

எதை அடித்தாலும் பழைய பாலியெஸ்டர் பூச்சை முழுதாகச் சுரண்டத் தேவையில்லை. 320, பிறகு 400 எண் உப்புத்தாளால் மினுக்கம் போகத் தேய்த்தால் போதும். கழுத்து பொருந்தும் குழியை டேப்பால் மூடுங்கள். அங்கே பூச்சு ஏறினால் கழுத்து சரியாக உட்காராது. பிரிட்ஜுக்கு (தந்திகளைத் தாங்கும் பாகம்) அடியில் வரும் எர்த் கம்பியையும் பூச்சு மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாதா லாக்கர் மலிவு, தவற்றை மன்னிக்கும். புதிய பூச்சு பழையதைக் கரைத்து ஒன்றாகிவிடும்; வழிந்தால் தேய்த்து மறுபடி அடிக்கலாம். ஆனால் மூன்று நான்கு வாரம் காயவிட வேண்டும். அவசரப்பட்டு மெருகேற்றினால் பின்னர் பூச்சு சுருங்கி அடியிலுள்ள உப்புத்தாள் கீறல்கள் தெரியும். அதிலும் நைட்ரோ (நைட்ரோசெல்லுலோஸ்) வகை லாக்கரை ரப்பர் ஸ்டாண்டு அரித்துவிடும்.

டூ-கே கிளியர் என்ற நிறமற்ற பூச்சு, கலக்கும் இரு பாகங்களின் வேதிவினையால் இறுகும்; வியர்வை, உரசல் தாங்கும். ஸ்பிரே கேனின் அடியிலுள்ள ஊசியை அழுத்திக் கலந்துவிட்டால் ஓரிரு நாளில் கேனே கெட்டியாகிவிடும், ஆகவே மிச்சத்தை எடுத்துவைக்க முடியாது. ஐசோசயனேட் நச்சு இருப்பதால் துணி முகக்கவசம் உதவாது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் லாக்கரே மேல், அதுவும் வெளியில் வைத்து.