மேயோடன் முத்திரை மார்லின்: மூன்று வருடம் சுட்டுப் பார்த்த பிறகு

மேயோடன், வட கரோலினாவின் கிரீன்ஸ்போரோவில் எங்கள் வீட்டிலிருந்து காரில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. மேயோ ஆறும் டேன் ஆறும் சேர்ந்து பெயர் கொடுத்த சின்ன மில் ஊர். 2020-இல் ரெமிங்டன் என்ற துப்பாக்கி நிறுவனம் திவாலாகி எல்லாம் ஏலத்துக்கு வந்தபோது, அதன் கையில் இருந்த மார்லின் என்ற பழைய லீவர் துப்பாக்கிப் பெயரை ரூகர் என்ற இன்னொரு துப்பாக்கி நிறுவனம் எடுத்தது, இயந்திரங்களை லாரி லாரியாகக் கொண்டுவந்து இங்கே தன் ஆலையில் இறக்கியது. 1870-இல் கனெக்டிகட்டில் தொடங்கிய பெயர், நடுவில் நியூயார்க்கின் இலியன் போய், கடைசியில் எங்கள் வட்டாரத்துக்கே வந்துவிட்டது. அந்தக் கட்டடம் முன்பு நூல் ஆலையாம். கோயம்புத்தூர் மில் குடும்பத்தில் பிறந்தவனுக்கு வேறென்ன வேண்டும், குழலில் மேயோடன் என்று அடித்ததாகப் பார்த்துச் சேர்க்க ஆரம்பித்தேன்.

பழைய ஆட்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அவர்களுக்கு ரிசீவரை (தோட்டா ஏறும் நடுப் பகுதி) ஒட்டிக் குழலில் 'ஜேஎம்' முத்திரை இருந்தால்தான் மார்லின், அதாவது 2011-இல் மூடிய நார்த் ஹேவன் ஆலைச் சரக்கு. அப்புறம் ரெமிங்டன் கையில் இலியனில் செய்ததற்கு, இரண்டு பெயரையும் ஒட்டி 'ரெம்லின்' என்று கேலிப் பெயர். மேயோடன் சரக்குக்கு வரிசை எண் 'ஆர்எம்' என்று தொடங்கும், தோளில் வைக்கும் மரக் கட்டையின் அடியில் இருக்கும் வட்டக் குறி கறுப்பு-வெள்ளையாக இல்லாமல் சிவப்பு-வெள்ளையாக இருக்கும். கடையில் கையில் எடுத்ததும் நான் பார்ப்பது அதைத்தான்.

என்னிடம் இரண்டு. 2022-இல் வாங்கிய 1895 எஸ்பிஎல், மேயோடனிலிருந்து 2021 டிசம்பரில் முதலில் வெளியே வந்த மாடல் இதுதான். 45-70 தோட்டா, ஸ்டெயின்லெஸ் குழல், சாம்பல் நிற லேமினேட் கட்டை. இதுவரை 600 தோட்டாவாவது போயிருக்கும், ஒருமுறைகூட சிக்கவில்லை. தோட்டா ஏற்றக் கீழே தள்ளி இழுக்கும் லீவர், முதல் நூறு தோட்டா வரை கொஞ்சம் இறுக்கம், பிறகு வெண்ணெய். ஆனால் 1873-இல் அமெரிக்க ராணுவத்துக்காக வந்த தோட்டா இது, தோளுக்கு இரக்கம் காட்டாது. பொழுதுபோக்குக்குச் சுடுபவர்கள் 405 கிரெயின் (குண்டின் எடை) மென்மையான வகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காசும் யோசியுங்கள், ஒரு தடவை விசையை இழுத்தால் 2 டாலருக்கு மேல் போகிறது. நான் வேறெங்கோ வாங்கி மாட்டிய ஸ்கோப் மவுண்ட்டின் திருகுகள் இரண்டாவது மாதமே தளர்ந்துபோய், குறி தவறுவதற்குத் துப்பாக்கியைத் திட்டிக்கொண்டிருந்தேன். திருகு தளராமல் பிடிக்கும் நீலப் பசை வைத்து முடுக்கியதும் சரியாயிற்று.

இரண்டாவது 336 கிளாசிக், 30-30 தோட்டா, வால்நட் கட்டை, கறுநீலப் பூச்சு. அழகென்றால் இது அழகு. நண்பரிடம் இருக்கும் 70-களின் ஜேஎம் 336-ஐப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பழையதன் லீவர் ஓட்டம் இன்னும் ஒரு படி மேல், ஐம்பது வருடம் தேய்ந்ததாயிற்றே. மரமும் உலோகமும் சேரும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பார்த்தேன், புதியதில் தட்டவில்லை, பழையதில் லேசாகத் தட்டுகிறது. நண்பர் இதை ஒப்புக்கொள்ளவில்லை, விடுங்கள்.

இந்த 336-ஐச் சுடாமல் வைத்தால் பின்னால் விலை ஏறும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, துணி உறையில் போட்டு அலமாரிக்குள் படுக்க வைத்துவிட்டேன். மழையும் புழுக்கமுமாக ஒரு கோடை போனது. திறந்தால், முன்கட்டை வளையத்தின் ஓரத்தில் மிளகு தூவியதுபோல ஆரஞ்சுப் புள்ளிகள்! முழுக்க என் தப்பு. "பட்டுப்புடவையையே வருஷத்துக்கு ஒருதரம் காற்றாட விரிக்கிறோம், இரும்பைச் சுருட்டி வைத்தால் வேறென்ன ஆகும்" என்றாள் மனைவி. மிக மெல்லிய இரும்பு நாரில் எண்ணெய் தொட்டு அரை மணி நேரம் தேய்த்ததில் புள்ளிகள் போயின, உற்றுப் பார்த்தால் இரண்டு இடத்தில் நிழல் தெரிகிறது. உறையில் மட்டும் வைக்காதீர்கள், உள்ளே ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இப்போது பூட்டிய இரும்புப் பெட்டி, ஈரம் உறிஞ்சும் பொட்டலம், தொட்ட பிறகு எண்ணெய்த் துணி.

அப்படிக் கெட்ட பிறகு என்ன சேகரிப்பு என்று ரேஞ்சுக்கு எடுத்துப்போனேன், போன நவம்பரில் மான் வேட்டைக்கும். இப்போது பெட்டியைத் திறந்தால் கை தானாக இதற்குத்தான் போகிறது. ரிசீவருக்கு அடியில், நடக்கும்போது உள்ளங்கையில் தாங்கிப் பிடிக்கும் இடத்தில் பூச்சு தேய்ந்து வெள்ளி எட்டிப் பார்க்கிறது. கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு இப்போதே நூறு டாலர் போய்விட்டது என்றார்.