ஓடையில் கசியும் பழைய எண்ணெய்க் கிணறு: வாயை மூடுவதா, அடியிலிருந்து அடைப்பதா?

1859-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் டைட்டஸ்வில் அருகே எட்வின் ட்ரேக் என்பவர் 69.5 அடியில் எண்ணெய் கண்டார். அதன்பின் அங்குள்ள ஆயில் கிரீக் ஓடையின் கரையெங்கும் துளை போட்டார்கள். வற்றியதும் அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். கேட்பாரற்ற கிணறுகள் என்று மாநிலத்தின் பட்டியலில் மட்டும் 27,000-க்கு மேல் உண்டு. வெனாங்கோ கவுண்டியில் அப்படி ஒன்றை எங்கள் குழு அடைத்தது. ஆயிரம் அடிக்கும் குறைவான ஆழம்தான். ஆனால் பக்கத்து ஓடையில் எண்ணெய்ப் படலம், கரைக் கற்களெல்லாம் துருநிறம். அடியிலிருந்து சிமென்ட் போட்டோம். இன்று கேட்டாலும் அதையே சொல்வேன்.

அடைக்காமல் சமாளிக்கும் வழியும் இருக்கிறது. கசிவுக்குக் கீழே சின்ன அணை கட்டி, வெளியேறும் குழாயின் வாயைத் தண்ணீருக்கு அடியில் தாழ்த்தி வைத்தால், தண்ணீர் போய்விடும், எண்ணெய் மேலே தங்கிவிடும். அதை அள்ளி எடுக்க வேண்டும். ரிக் என்கிற துளையிடும் எந்திரம் வரும்வரைக்கும் இது போதும். நல்ல மழை பெய்தால் அணைக்கு மேலே வழிந்துவிடும்.

அடுத்தது, கிணற்று வாயில் சில அடி தோண்டி கான்கிரீட் போட்டு மூடுவது. செலவு குறைவு, வேலை சீக்கிரம் முடியும், பார்க்கவும் திருப்தியாக இருக்கும். நான் இதற்கு எதிரி. காரணம் ஒன்றே ஒன்று: மறுபடி கசிந்தால் என்ன செய்வீர்கள்?

இந்தப் பக்கத்துப் பழைய கிணறுகள் பலவற்றில் துளையின் சுவரைத் தாங்கும் கேசிங் குழாயே கிடையாது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பழைய இரும்புக்காக உருவிக் கொண்டுபோனவை ஏராளம். வெறும் பாறைத் துளையின் வாயை மட்டும் மூடினால், கீழேயிருந்து வரும் அழுத்தம் பக்கவாட்டு விரிசல்களில் புகுந்து வேறு வழி தேடும். கரையில் கசிந்த எண்ணெய் ஓடையின் படுகையிலேயே கொப்பளிக்க ஆரம்பித்தால் அணையும் கட்ட முடியாது, அள்ளவும் முடியாது. சரி, திரும்ப உள்ளே இறங்கலாம் என்றால், முதலில் நாம் போட்ட கான்கிரீட்டையே துளைக்க வேண்டும். துளைக்கும் முனை கெட்டியான கான்கிரீட்டை விட்டு விலகி, பக்கத்திலுள்ள மெதுவான ஷேல் பாறைக்குள் நழுவினால் பழைய துளை கைவிட்டுப் போய்விடும். பிறகு அதைத் தேடிப் பிடிப்பதே தனி வேலை.

அதனால்தான் பணமும் நேரமும் துளையைச் சுத்தம் செய்வதில் போக வேண்டும் என்கிறேன். கனமான முனையைக் கம்பிவடத்தில் தொங்கவிடும் கேபிள் ரிக்கில் இடித்து இடித்து, பெய்லர் என்ற நீளக் குழாய் வாளியால் அள்ளினால், சேறு, கல், உளுத்த மரத்துண்டு என்று வந்துகொண்டே இருக்கும். அந்தக் காலத்தில் மரக்கட்டை, பீரங்கிக் குண்டு எது கிடைத்தாலும் உள்ளே போட்டு அடைத்திருக்கிறார்கள். அடியைத் தொட்டபின் மெல்லிய குழாயை இறக்கி, அதன் வழியே சிமென்ட் குழம்பை அடியிலிருந்து ஏற்றினோம். கிணற்று வாயில் முதலில் கறுப்பு எண்ணெய்த் தண்ணீர், அப்புறம் பழுப்புச் சேறு, கடைசியில் சாம்பல்நிறக் குழம்பு வந்தது. மறுநாள் பார்த்தால் மட்டம் இறங்கியிருந்தது. பாறை குடித்த அளவுக்கு மேலும் ஊற்றினோம். எண்ணெய், வாயு உள்ள அடுக்குகளுக்கு மேலே 50 அடி சிமென்ட் இருந்தால் விதிக்குப் போதும், இடையில் கசியாத வேறு பொருளை நிரப்பலாம். ஆழம் குறைவு என்பதால் முழுக்கச் சிமென்ட்டே போட்டோம்.

சிமென்ட்டுக்கும் குறை உண்டு. இறுகும் முன் வாயு குமிழியிட்டால் உள்ளே வழி விழுந்துவிடும், இறுகிய பின் சுருங்கி விரிசலும் விடலாம். பென்டோனைட்டின் பலம் அங்கேதான். அந்தக் களிமண் தண்ணீரில் ஊறிப் பல மடங்கு வீங்கும், விரிசல் விட்டாலும் தானே மூடிக்கொள்ளும். கலிபோர்னியாவில் செவ்ரான் இதைக்கொண்டு கிணறுகளை அடைத்திருக்கிறது. ஆனால் அது வீங்க நல்ல தண்ணீர் வேண்டும். உப்புநீரில் அந்த அளவு வீங்காது. எங்கள் துளையிலோ உப்புநீரும் எண்ணெயும்தான். போடும் பென்டோனைட் கட்டிகள் பாதி வழியில் சிக்கி நின்றுவிடுமோ என்ற பயம் வேறு. பென்டோனைட்டை நான் இடைநிரப்பாகத்தான் பார்த்திருக்கிறேன், எண்ணெய்க் கிணற்றை அதைக்கொண்டே முழுதாக அடைத்ததில்லை. பல வருஷம் கழித்து எது நிற்கும் என்று கேட்டால் சத்தியம் செய்ய மாட்டேன்.

விலையைப் பார்த்து சிமென்ட், பென்டோனைட் இரண்டில் ஒன்றைத் தேர்வு செய்வதில் அர்த்தமில்லை. செலவெல்லாம் ரிக் நிற்கும் நாளிலும் நிலத்தைச் சீராக்குவதிலும்தான். 2021-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில் அடைக்க மட்டும் இடைநிலைச் செலவு 20,000 டாலர், நிலச் சீரமைப்பும் சேர்ந்தால் 76,000. இதை நில உரிமையாளர் கட்டித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. 1985 ஏப்ரலுக்கு முன் கைவிடப்பட்டு, இப்போதைய உரிமையாளர் அதில் லாபம் எதுவும் பார்க்காத கிணறு என்றால் மாநிலம் தன் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். அந்த வரிசை நீளமானது. எண்ணெய் ஓடையில் கலப்பதைப் புகைப்படத்தோடு புகார் செய்தால் முன்னுரிமை கூடும். கூட்டாட்சிச் சுற்றுச்சூழல் முகமையும் எண்ணெய்க்கசிவு நிதியிலிருந்து இப்படிப்பட்ட கிணறுகளை அடைத்திருக்கிறது.