கூகுள் என்கிராம் வியூவர்: இங்கிலீஷோட குட்டி வார்த்தைங்களுக்கு ஜோடி தேடறவங்களுக்கான ரிவ்யூ

இங்கிலீஷ்ல ஆட்வெர்ப், அதாவது வினையடைன்னு சொன்ன உடனே நமக்கு ஞாபகம் வர்றது ‘ஸ்லோலி’, ‘க்விக்லி’னு கடைசில ‘லி’ போட்ட வார்த்தைங்க தான். ஆனா மொழிபெயர்ப்பு வேலைல உக்காந்தா அந்த லி கூட்டம் பெருசா கஷ்டப்படுத்தறதே இல்லைங்க. ‘ரைட்’, ‘ஜஸ்ட்’, ‘வெல்’, ‘ஈவன்’, ‘ஒன்லி’, ‘க்வைட்’ இந்த சின்ன சின்ன ஆட்வெர்ப் எல்லாம் போய் ‘இன்’, ‘ஆஃப்டர்’, ‘இஃப்’, ‘எ’, ‘எனி’ மாதிரி அதைவிட சின்ன வார்த்தைங்களோட ஒட்டிக்குது பாருங்க, அங்க தான் கை நிக்கும். டிக்‌ஷனரிய தொறந்தா தனித்தனியா அர்த்தம் இருக்கும், ரெண்டும் சேந்தா என்ன ஆகுது, எது எதோட சேரவே சேராதுன்னு பல நேரம் இருக்காது. அதுக்கு நான் ரொம்ப நாளா யூஸ் பண்றது கூகுள் புக்ஸ் என்கிராம் வியூவர், அதப்பத்தி தான் இந்த ரிவ்யூ.

2010 டிசம்பர்ல வந்தது, ஃப்ரீ. கூகுள் ஸ்கேன் பண்ண புத்தகங்கள்ல ஒரு சொற்றொடர் எந்த வருஷம் எவ்ளோ சதவீதம் வந்திருக்குன்னு கோடு போட்டு காட்டும். அதிகபட்சம் அஞ்சு வார்த்தை வரைக்கும் தேடலாம், கமா போட்டு ரெண்டு மூணு சொற்றொடர ஒண்ணா அடிச்சா எல்லா கோடும் ஒரே படத்துல வந்துரும். சும்மா விட்டா 1800லருந்து காட்டும். கீழ வருஷ வாரியா லிங்க் இருக்கும், அத தட்டுனா அந்த சொற்றொடர் வந்த புத்தகங்கள தேடி பாக்கலாம். என்னக் கேட்டா படத்தவிட அந்த லிங்க் தான் பெரிய சொத்து, ஏன்னா வாக்கியத்தோட பாத்தா தான் அர்த்தம் புரியும்.

இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் நட்சத்திர குறி. ‘வெல்’னு அடிச்சு பக்கத்துல ஒரு நட்சத்திரம் போட்டா அந்த எடத்துல அதிகமா வர்ற பத்து வார்த்தைய அதுவே எடுத்து காட்டும். ஆனா ‘ரைட்’டுக்கு இத நேரா பண்ணா உரிமைங்கற அர்த்தமும் வலதுபக்கங்கற அர்த்தமும் வந்து மொத்தத்தையும் அடைச்சுக்கும், ‘ரைட் டு’, ‘ரைட் ஆஃப்’, ‘ரைட் ஹேண்ட்’னு. அதனால வார்த்தைக்கு பின்னாடி அண்டர்ஸ்கோர் போட்டு பெரிய எழுத்துல ஏ, டி, வி சேத்து அடிங்க, ஆட்வெர்ப்பா வந்தத மட்டும் பிரிச்சு எடுக்கும். இந்த வசதி 2012ல சேத்தது, இத தெரியாம யூஸ் பண்ணா இந்த டூல்ல பாதி வீண். அப்படி பிரிச்சு பாத்தா தான் ‘ரைட்’ ஆட்வெர்ப்பா இருக்கும்போது எடத்தையும் நேரத்தையும் சொல்ற வார்த்தைங்க மேல எவ்ளோ பிரியமா இருக்குன்னு தெரியும்: ‘ரைட் இன்’, ‘ரைட் ஆஃப்டர்’, ‘ரைட் த்ரூ’. நாம சாப்பிட்ட ‘உடனே’, வாசல்‘லயே’ன்னு ஒரு ஏகாரத்துல முடிக்கற வேலைய அவங்க முன்னாடி ஒரு ‘ரைட்’ போட்டு செய்றாங்க.

‘வெல்’ இன்னும் சுவாரசியம். நல்லாங்கற அர்த்தம் தான் எல்லாருக்கும் தெரியும், ஆனா ‘வெல் ஓவர்’, ‘வெல் பிஃபோர்’, ‘வெல் இன்ட்டு’, ‘வெல் வித்தின்’னு வரும்போது அது நல்லா இல்ல, ஒரு எல்லைலருந்து ரொம்ப தள்ளிங்கற கணக்கு. எல்லைன்னு ஒண்ணு இருக்கற வார்த்தையோட மட்டும் தான் இந்த அர்த்தத்துல சேரும், ‘வெல் ட்யூரிங்’னு யாரும் எழுத மாட்டாங்க.

அப்புறம் ‘இஃப்’ சமாச்சாரம். இத எத்தனை பேருக்கு சொன்னாலும் எனக்கு அலுக்காது. ‘ஈவன் இஃப்’னா மழை பெஞ்சாலும், ‘ஈவன் தோ’ன்னா மழை பெஞ்சும்கூட. முதல்ல மழை வரலாம் வராமயும் போலாம், ரெண்டாவதுல மழை நெஜமாவே பெஞ்சிருச்சு. ‘ஒன்லி இஃப்’னா மழை பெஞ்சா தான், ‘இஃப் ஒன்லி’ன்னு திருப்பி போட்டா மழை பெஞ்சிருந்தா எவ்ளோ நல்லாருந்திருக்கும்னு ஏக்கம். ரெண்டே வார்த்தை, வரிசை மாறுனதும் நிபந்தனை ஏக்கமா ஆயிருது. நாம ‘ஆலும்’, ‘உம்’, ‘தான்’னு வால் பக்கம் ஒட்டறத அவங்க தலை பக்கம் வைக்கறாங்கன்னு பிடிச்சுக்கிட்டா பாதி குழப்பம் போயிரும். நம்ம பழக்கத்துல ‘நாளைக்கு தான்’ அப்படியே ‘டுமாரோ ஒன்லி’ ஆகறதும் இதனால தான், நம்ம ‘தான்’ பின்னாடி வர்ற ஆளு.

‘எ’ங்கற ஒத்தை எழுத்து பண்ற வேலையும் கொஞ்ச நஞ்சம் இல்ல. ‘எ ஃப்யூ’ன்னா கொஞ்சம். ‘ஒன்லி எ ஃப்யூ’ன்னா கொஞ்சமே கொஞ்சம். ஆனா ‘க்வைட் எ ஃப்யூ’ன்னா நிறைய! ‘வெரி ஃப்யூ’வுக்கு எ கிடையாது, அது இல்லவே இல்லைங்கற பக்கம் சாயும். நாலையும் கமா போட்டு ஒரே படத்துல பாருங்க. ஆனா படம் எண்ணிக்கைய மட்டும் தான் சொல்லும், ஒண்ணு நிறையன்னும் இன்னொண்ணு கொஞ்சம்னும் சொல்லாது, அதுக்கு கீழ இருக்கற லிங்க்ல போய் வாக்கியத்த படிச்சே ஆகணும்.

குறைன்னு பாத்தா முக்கியமானது, இது புத்தகத்தோட இங்கிலீஷ், வாய்ப்பேச்சு இல்ல. ‘ப்ரெட்டி மச்’ மாதிரி பேச்சுல சாதாரணமா ஓடறது புத்தகத்துல அந்த அளவுக்கு தெரியாது. கதைப் புத்தகங்கள மட்டும் தனியா தேர்ந்தெடுக்கற ஆப்ஷன் இருக்கு, அதுல உரையாடல் வரும்ங்கறதால பேச்சு வழக்குக்கு நான் அதத்தான் நம்பறேன். பிரிட்டிஷ், அமெரிக்கன்னும் தனித்தனியா பிரிச்சு பாக்கலாம், ‘ஸ்ட்ரெய்ட் ஆஃப்டர்’ பிரிட்டிஷ் வாடைன்னு காதுல கேட்டத அங்க போய் சரிபாத்துக்கலாம்.

இன்னொண்ணு, இது தெரியாம ஏமாறக்கூடாது. ‘டோன்ட்’னு அடிச்சா இது அத ‘டு நாட்’னு மாத்தி தான் கணக்கெடுக்கும். ‘ஐ டோன்ட் ரியலி நோ’ன்னா எனக்கு அவ்வளவா தெரியாது, ‘ஐ ரியலி டோன்ட் நோ’ன்னா சத்தியமா தெரியாது. இந்த வரிசை வித்தியாசத்த இதுல பாக்கலாம், ஆனா சுருக்கி எழுதுனாங்களா விரிச்சு எழுதுனாங்களாங்கறது கலந்து போயிருக்கும்.

1800க்கு முன்னாடி போறவங்க உஷாரா இருங்க. அந்தக் கால அச்சுல எஸ் எழுத்து பாக்க எஃப் மாதிரியே நீளமா இருக்கும், கம்ப்யூட்டர் படிக்கும்போது ‘ஜஸ்ட்’ ‘ஜஃப்ட்’ ஆயிரும், ‘ஸோ’ ‘ஃபோ’ ஆயிரும். கோடு தரைல கிடக்கேன்னு அந்த காலத்துல இந்த வார்த்தைங்கள எழுதவே இல்லைன்னு முடிவு கட்டிராதீங்க. அப்புறம் நாப்பது புத்தகத்துலயாவது வராத சொற்றொடர் இதுல ஏறவே ஏறாது, அதனால ஒண்ணும் வரலைன்னா தப்புன்னு அர்த்தம் இல்ல, அரிதுன்னு எடுத்துக்கோங்க. படத்துல ஸ்மூத்திங்னு ஒண்ணு இருக்கும், பக்கத்து வருஷங்கள சேத்து சராசரி போட்டு கோட்ட வழவழன்னு ஆக்கும், நெஜ ஏத்த இறக்கம் வேணும்னா அத பூஜ்யத்துல வைங்க.

இத்தனை இருந்தும் இந்த வேலைக்கு அஞ்சுக்கு நாலு ஸ்டார் தயங்காம குடுப்பேன். புதுசா படிக்கறவங்களுக்கு நேரா இத குடுக்க மாட்டேன், ஓரளவு எழுத வந்து ‘இது சரியா’ன்னு சந்தேகம் வர்ற கட்டத்துல இருக்கறவங்களுக்கு தான் இது. ஒரு ஸ்டார் பிடிச்சது தமிழ் இல்லாததுக்கு. சைனீஸ், ஃப்ரெஞ்ச், ஜெர்மன், ஹீப்ரூ, இத்தாலியன், ரஷ்யன், ஸ்பானிஷ் எல்லாம் இருக்கு, நம்ம ‘தான்’, ‘கூட’, ‘மட்டும்’ எதோட எப்பருந்து ஒட்டுச்சுன்னு இதே மாதிரி பாக்க எனக்கு அவ்ளோ ஆசை.

முதல்முறை போறவங்க ‘டுடே’ அடிங்க, ஒண்ணா ஒரு தடவை, நடுவுல கோடு போட்டு ஒரு தடவை. ‘டு’ங்கற குட்டி வார்த்தையும் ‘டே’யும் சேந்தது தான் அது, 19ஆம் நூற்றாண்டுல நடுவுல கோட்டோட எழுதறது சாதாரணம், 20ஆம் நூற்றாண்டுல அந்த கோடு மெல்ல கரைஞ்சு ரெண்டும் ஒண்ணாயிருச்சு. அது முடிஞ்சதும் ‘எனி மோர்’ பிரிச்சும் சேத்தும் அடிச்சு அமெரிக்கன்லயும் பிரிட்டிஷ்லயும் பாருங்க, அது இன்னும் ஒட்டி முடியல.