கன்சோலா, கேமிங் பிசியா: நான்கைந்து வருடம் ஓடிய பிறகு தெரியும் வித்தியாசம்

பெட்டி பிரித்த வாரத்தில் ஒப்பிட்டால் கன்சோல், பிசி இரண்டுமே பிடித்துப்போகும். அவற்றின் உண்மையான குணம் வெளிவருவது இரண்டாம் வருடத்துக்கு மேல்தான். ஸ்டோரேஜ் நிரம்பும், தூசி அடையும், கன்ட்ரோலர் ஸ்டிக் தொடாமலே நகரும், புதிதாக வந்த கேம் ஒன்று பழைய கிராபிக்ஸ் கார்டைத் திணறடிக்கும். அந்தக் கட்டத்தில் எது எவ்வளவு தொல்லை தருகிறது, எதைச் சரிசெய்ய முடிகிறது என்பதை வைத்துத்தான் இங்கே எடைபோடுகிறேன். ஒரு பக்கம் 2020 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ். மறுபக்கம் அதே காலத்து நடுத்தர பிசி: ரைசன் 5 5600எக்ஸ் பிராசசர், ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 16 ஜிபி டிடிஆர்4 ராம், 650 வாட் எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி).

முதலில் ஒரு அடிப்படை. இரண்டு கன்சோலிலும் ஏஎம்டியின் 8 கோர் ஜென் 2 பிராசசர்தான். 16 ஜிபி ஜிடிடிஆர்6 மெமரியை சிஸ்டமும் கேமும் கிராபிக்ஸும் பங்குபோட்டுக்கொள்கின்றன. சீரிஸ் எக்ஸில் அதில் 13.5 ஜிபி கேமுக்குக் கிடைக்கும். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டால், 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டு வைத்திருப்பவர்கள் 2023 முதல் ஏன் புலம்புகிறார்கள் என்பது புரிந்துவிடும். பெரிய கேம்கள் கன்சோலின் மெமரி அளவை மனதில் கொண்டு செய்யப்படுகின்றன. 8 ஜிபிக்குள் அவை அடங்காதபோது சராசரி ஃபிரேம் எண்ணிக்கை (நொடிக்கு எத்தனை படம் திரையில் வருகிறது என்பது) பெரிதாக இறங்காது, அதனால் பலர் காரணத்தைத் தவறாகப் பிடிக்கிறார்கள். கதாபாத்திரம் திரும்பும்போது நொடிப்பொழுது உறைவதும், சுவர், துணி எல்லாம் மங்கலாக வந்து தாமதமாகத் தெளிவதும்தான் இதன் அறிகுறி. அப்போது முதலில் குறைக்க வேண்டியது டெக்ஸ்சர் குவாலிட்டி, அதாவது பொருள்களின் மேல் ஒட்டப்படும் படத்தின் தரம். நிழலையும் புல்லையும் குறைத்துக்கொண்டே போனால் படம் அசிங்கமாவதுதான் மிச்சம், உறைதல் அப்படியே இருக்கும். 3060இன் வேகம் சுமார்தான் என்றாலும் அதன் 12 ஜிபி மெமரி அதைப் பல வருடம் காப்பாற்றியிருக்கிறது. கார்டு வாங்கும்போது வேகத்துக்கு அடுத்தபடியாக மெமரி அளவைப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

கன்சோல் ஏன் அலட்டிக்கொள்ளாமல் ஓடுகிறது என்பதற்கு இன்னொரு காரணம் ஷேடர். திரையில் வரும் ஒவ்வொரு பொருளின் தோற்றத்தையும் கணக்கிடும் இந்தச் சின்ன நிரல்களை, கிராபிக்ஸ் சிப் புரிந்துகொள்ளும் மொழிக்கு மாற்றியாக வேண்டும். கன்சோலில் சிப் எல்லோருக்கும் ஒன்றுதான், ஆகவே மாற்றிமுடித்த ஷேடரே கேமோடு வந்துவிடுகிறது. பிசியில் யாரிடம் எந்தக் கார்டு, எந்த டிரைவர் என்று தயாரிப்பாளருக்குத் தெரியாது, மாற்றும் வேலை நம் வீட்டில் நடக்கிறது. சில கேம்கள் இதைத் தொடக்கத்திலேயே செய்துமுடிக்கும், சில கேம்கள் விளையாட்டுக்கு நடுவில் செய்து ஒவ்வொரு புதுக் காட்சிக்கும் ஒருமுறை விக்கும். டிரைவர் அப்டேட் செய்தால் பெரும்பாலும் மறுபடி முதலிலிருந்து. ஆகவே மெனுவில் ஷேடர் கம்பைல் ஆகிறது என்று காட்டினால் அது முடியும்வரை காத்திருங்கள். முதல் இருபது நிமிட ஓட்டத்தை வைத்து கார்டை மாற்ற முடிவெடுக்காதீர்கள்.

பிசி கட்டிய புதிதில் நடக்கும் தவறுகள் நான்கு, எல்லாமே கண்ணுக்குத் தெரியாதவை. மானிட்டர் கேபிளைக் கிராபிக்ஸ் கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகுவது முதலாவது. இரண்டு ராம் ஸ்டிக்கையும் பக்கத்துப் பக்கத்தில் போடுவது அடுத்தது: நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் பிராசசரிலிருந்து எண்ணி 2, 4 ஆகியவற்றில் போட வேண்டும், இல்லாவிட்டால் டூயல் சேனல் (இரண்டு ஸ்டிக்கும் ஒரே நேரத்தில் சேர்ந்து ஓடும் முறை) கிடைக்காமல் போகலாம். பயோஸில், அதாவது மதர்போர்டின் அடிப்படை செட்டிங் திரையில், எக்ஸ்எம்பி என்ற ராம் வேக செட்டிங்கை இயக்காமல் விட்டால் 3200 வேக ராம் 2133லேயே நொண்டும். கடைசியாக, 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை படம் மாற்றும்) மானிட்டரை வாங்கிவிட்டு விண்டோஸில் 60லேயே விட்டுவைப்பது. டிஸ்ப்ளே செட்டிங்கில் அட்வான்ஸ்ட் பகுதிக்குப் போய் கையால் மாற்ற வேண்டும். மாதக்கணக்கில் இப்படியே விளையாடிவிட்டு ‘பிசி சரியில்லை’ என்பவர்கள் உண்டு.

கன்சோலிலும் இதற்கு இணையான ஒரு தவறு இருக்கிறது, அது டிவியில் ஒளிந்திருக்கும். பல டிவிகளில் எல்லா எச்டிஎம்ஐ போர்ட்டும் 4கே 120 ஹெர்ட்ஸைத் தாங்காது, ஒன்றோ இரண்டோதான் தாங்கும். அந்தப் போர்ட்டில் செருகி, டிவி மெனுவில் அதற்கான உயர்தர சிக்னலை இயக்கி, கேம் மோடையும் போட வேண்டும். பெட்டியில் வந்த எச்டிஎம்ஐ கேபிளையே பயன்படுத்துங்கள். 120 ஹெர்ட்ஸ் வேலை செய்தால் சில கேம்களில் 40 ஃபிரேம் மோடு திறக்கும். 40 என்பது 30க்குப் பக்கத்தில் இருப்பதுபோல் தோன்றும். ஆனால் ஒரு ஃபிரேமுக்கு ஆகும் நேரத்தைப் பாருங்கள்: 30இல் 33.3 மில்லிவினாடி, 60இல் 16.7, 40இல் 25. சரியாக நடுவில் நிற்கிறது. படத் தெளிவைப் பெரிதாக விட்டுக்கொடுக்காமல் கைக்கு லகுவாக இருப்பதால், கதை சார்ந்த கேம்களுக்கு இதைத்தான் நான் முதலில் பரிந்துரைப்பேன். பிளேஸ்டேஷன் 5க்கு 2022 ஏப்ரலில் வந்த விஆர்ஆர் வசதி (கேமின் ஃபிரேம் வேகத்துக்கேற்ப டிவி தன் வேகத்தை மாற்றிக்கொள்வது) 48க்கும் 120க்கும் இடையில்தான் வேலை செய்கிறது, ஃபிரேம் 48க்குக் கீழே போனால் தள்ளாட்டம் திரும்பிவிடும்.

ஸ்டோரேஜுக்கு வருவோம். பிளேஸ்டேஷன் 5 முதல் மாடலின் 825 ஜிபியில் பயன்பாட்டுக்குக் கிடைப்பது சுமார் 667 ஜிபி. சீரிஸ் எக்ஸில் 802, சீரிஸ் எஸ் 512 ஜிபி மாடலில் வெறும் 364. பால்டர்ஸ் கேட் 3 போன்ற கேம் பிசியில் 150 ஜிபி இடம் கேட்கிறது. இந்தக் கணக்கில் நான்கைந்து கேம்களோடு கன்சோல் நிரம்பிவிடும்.

பிளேஸ்டேஷன் 5இல் எம்.2 எஸ்எஸ்டி (பட்டை வடிவ ஸ்டோரேஜ் கார்டு) சேர்ப்பது கடினமில்லை, ஆனால் வாங்கும்போது ஏமாறக் கூடாது. என்விஎம்இ பிசிஐஇ 4.0 (Gen4) வகையாக இருக்க வேண்டும், அதே வடிவில் வரும் பழைய சாட்டா எம்.2 வேலை செய்யாது. நொடிக்கு 5500 எம்பி படிக்கும் வேகம் என்பது சோனியின் பரிந்துரை. ஹீட்சிங்க் (சூட்டை இழுக்கும் உலோகத் தகடு) கட்டாயம், அதோடு சேர்த்து மொத்தத் தடிமன் 11.25 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். பிசிக்கு என்று விற்கும் உயரமான ஹீட்சிங்க்குகள் மூடிக்குள் அடங்காது. கன்சோலை ரெஸ்ட் மோடில் வைக்காமல் முழுதாக அணைத்து, வயர்களைக் கழற்றி, சூடு ஆறியபின் பக்க மூடியை எடுங்கள். உள்ளே ஸ்லாட் மூடியின் ஒற்றை ஸ்க்ரூவைக் கழற்றினால், எஸ்எஸ்டியின் நீளத்துக்கேற்ப நகர்த்தக்கூடிய சின்ன வளையம் ஒன்று தெரியும். பெரும்பாலான எஸ்எஸ்டிகளுக்கு அதை 80 என்று குறித்த இடத்துக்கு மாற்ற வேண்டும். இதை மறப்பவர்கள்தான் எஸ்எஸ்டி வளைகிறதே என்று தவிப்பார்கள். சாய்வாகச் செருகி, படுக்கவைத்து, ஸ்க்ரூவை மிதமாக இறுக்கினால் போதும். இயக்கியதும் ஃபார்மேட் செய்யக் கேட்கும், அதில் இருந்த எல்லாம் அழியும். யுஎஸ்பி டிரைவில் பிளேஸ்டேஷன் 5 கேம்களைச் சேமித்து வைக்கலாம், அங்கிருந்தே ஓட்ட முடியாது. எக்ஸ்பாக்ஸ் சீரிஸில் அதற்கென்றே செய்த விரிவாக்க கார்டு மட்டும்தான், செருகினால் வேலை முடிந்தது. பிசியில் போர்டுக்கு ஏற்ற எந்த எஸ்எஸ்டியும் சரி.

சூடு, தூசி. பிளேஸ்டேஷன் 5ஐச் சுற்றி 10 செ.மீ. இடைவெளி விடச் சொல்லி சோனியே எழுதியிருக்கிறது, மூடிய டிவி அலமாரிக்குள் திணிப்பவர்கள் கவனிக்க. முதல் மாடலின் பக்க மூடிகளைக் கழற்றினால் தூசி சேர்வதற்கென்றே விட்ட துளைகள் தெரியும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அங்கே வேக்யூம் வைத்து உறிஞ்சினால் போதும். அதற்கு மேல் கழற்ற வேண்டாம். சிப்புக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவில் இருப்பது திரவ உலோகம், அது மின்சாரத்தைக் கடத்தும், ஒரு துளி இடம் மாறினால் போர்டே போய்விடும். பிசியில் கேபினட் ஃபில்டரை மாதம் ஒருமுறை தட்டுங்கள். புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், தாறுமாறான வேகத்தில் சுழலவிட்டால் பேரிங் கெடும். கிராபிக்ஸ் கார்டுக்கு ஒரு நல்ல அளவுகோல் உண்டு: சராசரி வெப்பத்துக்கும் ஹாட்ஸ்பாட் (சிப்பின் மிகச் சூடான புள்ளி) வெப்பத்துக்கும் 10–15 டிகிரி வித்தியாசம் சகஜம். அது 30ஐ நெருங்கினால் தெர்மல் பேஸ்ட் (சிப்பின் சூட்டை ஹீட்சிங்க்குக்குக் கடத்தும் பசை) காய்ந்துவிட்டது அல்லது ஓரத்துக்கு ஒதுங்கிவிட்டது. புதுப் பேஸ்ட் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். வாரண்டி இருக்கும்வரை கார்டைத் திறக்க வேண்டாம்.

கன்ட்ரோலர் விஷயத்தில் கன்சோல்காரர்கள் பாவம். பிளேஸ்டேஷன் 5 கன்ட்ரோலரான டூயல்சென்ஸின் ஸ்டிக்குகளில் நகர்வை அளப்பவை உரசித் தேயும் பொட்டன்ஷியோமீட்டர்கள், தேய்ந்தால் ஸ்டிக் தானாக ஒரு பக்கம் இழுக்கும். சுத்தமான ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் சில துளி விட்டுச் சுழற்றினால் கொஞ்ச காலம் அடங்கும், நிரந்தரத் தீர்வு மாட்யூலை சால்டர் வைத்து மாற்றுவதுதான். காந்தத்தால் உணரும் ஹால் எஃபெக்ட் ஸ்டிக்கில் உரசல் இல்லை, இந்தத் தேய்மானமும் இல்லை. அத்தகைய கன்ட்ரோலர்களில் பிசிக்காரருக்குத் தேர்வு நிறைய. டெட்சோனையும் (ஸ்டிக்கின் சிறு அசைவை எவ்வளவு வரை கண்டுகொள்ளாமல் விடுவது என்ற அளவு) பிசி கேம் கடையான ஸ்டீமிலேயே மாற்றிக்கொள்ளலாம்.

பிசி வைத்திருப்பவரை உண்மையில் களைக்கவைப்பது சாஃப்ட்வேர். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். வேலரன்ட் போன்ற கேம்களின் ஏமாற்றுத் தடுப்பு, விண்டோஸ் 11இல் டிபிஎம்மோடு, நம்பகமான சாஃப்ட்வேரை மட்டும் பூட் ஆகவிடும் செக்யூர் பூட்டையும் கேட்கிறது. இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். பழைய முறையில் இன்ஸ்டால் செய்த விண்டோஸ், எம்பிஆர் என்ற பழைய அமைப்புள்ள டிஸ்க்கில் இருக்கும். அதை ஜிபிடி என்ற புதிய அமைப்புக்கு மாற்றாமல் பயோஸில் சிஎஸ்எம்மை (பழைய பூட் முறைக்கான செட்டிங்) அணைத்தால் கம்ப்யூட்டர் பூட் ஆகாது. முதலில் டேட்டா பேக்கப், பிறகு ஜிபிடி மாற்றம், அதன்பின் சிஎஸ்எம்மை அணைத்து செக்யூர் பூட்டை இயக்குவது என்ற வரிசையை மாற்றாதீர்கள். பயோஸ் அப்டேட்டுக்கு முன் பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கன்சோலில் இந்தப் பேச்சே இல்லை. பிளேஸ்டேஷன் 5 மெதுவாகிவிட்டது என்றால் பவர் பட்டனை இரண்டாவது பீப் கேட்கும்வரை அழுத்தி சேஃப் மோடுக்குப் போய் கேஷைத் துடைத்து டேட்டாபேஸை மறுகட்டமைத்தால் பெரும்பாலான கோளாறு தீரும், கேம்கள் அழியாது. அதற்குக் கீழே உள்ள ரீசெட்டைத் தொட்டுவிடாதீர்கள், அது எல்லாவற்றையும் துடைத்துவிடும்.

ஆனால் நான்காம் வருடத்தில் பிசி தன் கடனைத் திருப்பிக் கொடுக்கிறது. 5600எக்ஸ் இருந்த அதே ஏஎம்4 போர்டில் பயோஸை மட்டும் அப்டேட் செய்து 5800எக்ஸ்3டி பிராசசர் வரை போகலாம். 2025 ஜனவரியில் வந்த என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் 4இன் மேம்பட்ட அப்ஸ்கேலிங் (சின்னப் படத்தைத் தெளிவாகப் பெரிதாக்குவது), 2018இன் ஆர்டிஎக்ஸ் 20 வரிசைக்கும் கிடைத்தது. வாங்கி ஆறேழு வருடமான கார்டு முன்பைவிட நல்ல படம் காட்டியது. கன்சோலில் நடுவழியில் வந்தது 2024 நவம்பரின் பிளேஸ்டேஷன் 5 ப்ரோ மட்டும்தான். 2 டிபி ஸ்டோரேஜ், வலுவான கிராபிக்ஸ், டிஸ்க் டிரைவ் தனி. பிராசசர் அதே ஜென் 2. பிராசசர் முட்டுக்கட்டையாக இருக்கும் கேம்களில் ப்ரோ பெரிய அற்புதம் எதுவும் செய்யாது. பிசியும் எப்போதும் மெல்ல மெல்ல வயதாவதில்லை, சில சமயம் ஒரே நாளில் கதவு மூடும். 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேம் ரே டிரேசிங் (ஒளி செல்லும் பாதையைக் கணக்கிடுவது) வன்பொருள் இல்லாத கார்டில் ஓடவே ஓடாது. அது இல்லாத ஜிடிஎக்ஸ் 1080 டிஐ எவ்வளவு வேகமானாலும் பயனில்லை.

செலவுக் கணக்கில் பெட்டி விலை ஒரு பாதிதான். கன்சோலில் காசு கொடுத்து வாங்கிய கேமை ஆன்லைனில் பலரோடு ஆட மாதச் சந்தா வேண்டும், ஃபோர்ட்நைட் போன்ற இலவச கேம்களுக்கு வேண்டாம். பிசியில் அந்தச் சந்தா கிடையாது. ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும், பிளேஸ்டேஷன் ஸ்டோரில் டவுன்லோடைத் தொடங்கிவிட்டாலே பொதுவாகக் கிடைக்காது. டிஸ்க் உள்ள கன்சோலில் முடித்த கேமை விற்கலாம், மாற்றிக்கொள்ளலாம். வருடத்துக்கு ஐந்தாறு புது கேம் முடிப்பவருக்கு இது சந்தாவை ஈடுகட்டிவிடும். ஆகவே டிஸ்க் இல்லாத மாடலை நான் யாருக்கும் எளிதில் சொல்வதில்லை.

மாதம் ஒரு மணி நேரமாவது பராமரிப்புக்கு ஒதுக்க மனமில்லாதவர் பிசி பக்கம் போக வேண்டாம். டிவி முன்னால் சோபாவில், கையில் கன்ட்ரோலரோடு, பத்து நொடியில் விட்ட இடத்தில் தொடர வேண்டும் என்பவருக்கு கன்சோல்தான். ஸ்ட்ராட்டஜி கேம், மாட் (கேமில் ரசிகர்கள் செய்து சேர்க்கும் மாற்றங்கள்), மவுஸில் குறிபார்க்கும் ஷூட்டர் என்று போகிறவர்களுக்கும், அதே கருவியில் எடிட்டிங், கோடிங் வேலை பார்ப்பவர்களுக்கும் பிசிதான். பெரிய வெளியீட்டை முதல் நாளே ஆட வேண்டும் என்றால் ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: 2013 செப்டம்பரில் கன்சோலில் வந்த ஜிடிஏ 5 பிசிக்கு வந்தது 2015 ஏப்ரலில். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுகிறவர்கள், சேவ் ஃபைல் கூடவே வருமா என்று கேம் கேமாகப் பார்க்க வேண்டும். சைபர்பங்க் 2077, பால்டர்ஸ் கேட் 3 இரண்டிலும் வரும், நிறைய கேம்களில் வராது.

பழையதாக வாங்குவதானால் அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். பிளேஸ்டேஷன் 5 என்றால் கையோடு ஒரு டிஸ்க் எடுத்துப் போங்கள். முதல் மாடலின் டிஸ்க் டிரைவ் அதே மதர்போர்டோடு ஜோடி சேர்க்கப்பட்டது, வேறு டிரைவை அப்படியே மாற்றிவிட முடியாது. எச்டிஎம்ஐ போர்ட் ஆடுகிறதா, ஸ்டிக்கைத் தொடாதபோது மெனு நகர்கிறதா, விற்பவர் தன் கணக்கை நீக்கிவிட்டாரா என்று பாருங்கள். கிராபிக்ஸ் கார்டு என்றால் கனமான ஒரு கேமைப் போட்டுவிட்டு ஹாட்ஸ்பாட் எண்ணின் மேல் கண் வைத்திருங்கள். முதல் ஐந்து நிமிடத்தில் எல்லா கார்டும் நன்றாகத்தான் இருக்கும், இருபதாவது நிமிடத்தில் ஃபேன் சத்தம் மாறுகிறதா என்று கேளுங்கள்.