வேலைக்குப் போடும் பேன்ட்: தேய்ந்த இடத்தைப் பார்த்து வாங்குவது

புது பேன்ட் வாங்கக் கிளம்புவதற்கு முன் பழையதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். துவைத்துக் காயவைத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பிடியுங்கள். எங்கே வெளிச்சம் ஊடுருவுகிறது, எந்தத் தையல் வாய் பிளந்திருக்கிறது, எந்த ஓரம் பிசிறடித்திருக்கிறது என்று பாருங்கள். டைல்ஸ் பதிப்பவரின் பேன்ட் முட்டியில் போகும். பிளம்பருடையது முட்டியிலும் கவட்டையிலும் போகும். செங்கல், பலகை, மூட்டை தூக்குபவருக்குத் தொடையின் முன்பக்கம் வெளிறி மெலியும். தச்சருக்கு முதலில் போவது பாக்கெட்டின் வாய். கால் நீளம் அதிகமாக வைத்துப் போடுபவருக்குக் குதிகால் பக்கத்து மடிப்பு. ஆகவே எல்லோருக்கும் ஒரே பேன்டைச் சிபாரிசு செய்வதில் அர்த்தமில்லை. உங்கள் பழைய பேன்ட் எங்கே போனதோ அந்த இடத்தில் புதியது எப்படித் தைக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் பார்க்க வேண்டியது.

கடையில் எல்லோரும் முதலில் செய்வது துணியைக் கசக்கி கனம் பார்ப்பது. கனம் லேபிளில் அவுன்ஸிலோ ஜிஎஸ்எம்மிலோ (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) இருக்கும். சதுர கஜத்துக்கு 1 அவுன்ஸ் என்றால் ஏறத்தாழ 34 ஜிஎஸ்எம். 8 அவுன்ஸ் துணி 270 ஜிஎஸ்எம் சுமார், 10 அவுன்ஸ் 340, 12 அவுன்ஸ் 407. நாள் முழுக்க நடந்து, ஏறி இறங்கிச் செய்யும் வேலைக்கு 8 முதல் 9 அவுன்ஸ் போதும். கல், கம்பி, கரடுமுரடான தரையோடு உரசும் வேலைக்கு 12 அவுன்ஸ் கேட்கலாம். அதற்கு மேல் போனால் வெயிலில் உடம்பு தாங்காது. நனைந்தால் இடுப்பை இழுக்கும், காயவும் காயாது.

ஆனால் கனத்தை விட நெசவு முக்கியம். டக் கேன்வாஸ் என்பது ஒரு நூல் மேலே, ஒரு நூல் கீழே என்று இறுக்கமாக நெய்த சாதா நெசவு. தேய்மானத்தை நன்றாகத் தாங்கும். முதல் சில வாரம் அட்டையைப் போட்டுக்கொண்ட மாதிரி இருக்கும், பிறகு பழகிவிடும். அதன் பலவீனம் மடிப்பில் இருக்கிறது: முட்டிக்குப் பின்னால் தினமும் ஒரே கோட்டில் மடிந்து மடிந்து, அந்தக் கோடு வெளுத்து, கடைசியில் அங்கேயே இற்றுப்போகும். ட்வில் சாய்கோட்டு நெசவு. உடம்போடு வளையும், மடிப்பைத் தாங்கும், கூரான முனை பட்டாலும் நூல் கொஞ்சம் நகர்ந்து கொடுக்கும்.

ஜீன்ஸ் துணியும் ட்வில்தான். அது முட்டியில் தேய்வதைக் கிட்டத்தில் பார்த்தால் நெசவின் கணக்கு விளங்கும். வெளிப்பக்கம் அதிகம் தெரிவது நீலச் சாயம் ஏறிய, நீளவாக்கில் ஓடும் பாவு நூல். உரசலை வாங்குவதும் அதுதான். அது அறுந்து போனதும், குறுக்கே ஓடும் வெள்ளை ஊடை நூல்கள் மட்டும் ஏணிப்படி மாதிரி மிஞ்சும். அந்த வெள்ளைக் கோடுகள் தெரிய ஆரம்பித்தால் துணியின் பாதி பலம் போய்விட்டது என்று அர்த்தம்.

ரிப்ஸ்டாப் துணி தேய்மானத்தையும் தாங்கும் என்று ஒரு தப்பான எண்ணம் பரவியிருக்கிறது. கட்டம் கட்டமாகத் தடித்த நூல் ஓடுவதால் ஆணி குத்திய ஓட்டை பெரிதாகக் கிழியாமல் நிற்கும், அவ்வளவுதான். தேய்மானத்துக்கு அது தனி மருந்தில்லை. கட்டத்தின் தடித்த நூல் சற்றே புடைத்து நிற்பதால் உரசலில் முதலில் அடிபடுவதே அதுதான்.

நூறு சதவீதப் பருத்தியா, கலப்பா? வெல்டிங், கிரைண்டிங் என்று தீப்பொறி பறக்கும் வேலையில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. பாலியெஸ்டர் சுமார் 250 முதல் 260 டிகிரி செல்சியஸில் உருகி, தோலோடு ஒட்டிக்கொள்ளும். கனத்த பருத்தி கருகும், ஆனால் உருகி ஒட்டாது. தொடர்ந்து வெல்டிங் செய்பவர்கள் ஈஎன் ஐஎஸ்ஓ 11611 என்ற பாதுகாப்புத் தரக் குறியீடு உள்ள உடையைத்தான் வாங்க வேண்டும். பேன்டின் அடியை வெளிப்பக்கம் சுருட்டி விடக்கூடாது, அந்த மடிப்புக்குள் பொறி விழுந்து உட்கார்ந்துகொள்ளும். மூடி இல்லாத பாக்கெட்டும் அப்படித்தான்.

மற்ற வேலைகளுக்கு 65 பாலியெஸ்டர், 35 பருத்தி கலந்த ட்வில் நல்ல தேர்வு. டிக்கீஸ் கம்பெனியின் 874 பேன்ட் இந்தக் கணக்கில் வருவதுதான்: 8.5 அவுன்ஸ், அதாவது 288 ஜிஎஸ்எம் சுமார். சீக்கிரம் காயும், சாயம் நிற்கும், அதிகம் சுருங்காது. தூய பருத்தி வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். காற்றாட நிற்கும்போது சுகம். மத்தியானத்துக்கு மேல் தொடை இடுக்கில் ஈரத்தோடு உரசும்போது அதே சுகம் புண்ணாகும். பேட்டரி ஆசிட் தெறிக்கும் இடத்திலும் கலப்புத்துணிதான் தாங்கும். பருத்தியில் தெறித்த ஆசிட் அன்றைக்கு ஒன்றும் காட்டாது. தண்ணீர் ஆவியாக ஆவியாக ஆசிட் கடுமையாகி நூலை அரித்துவிடும், அடுத்த துவைப்பில் சல்லடை மாதிரி ஓட்டைகள் வரும். தெறித்த உடனே பேன்டைக் கழற்றி, தாராளமாகத் தண்ணீர் ஊற்றி, சமையல் சோடா கரைத்த நீரில் அலசுவதுதான் வழி.

எலாஸ்டேன் கலந்த, இழுபடும் பேன்ட்கள் இப்போது அதிகம். 2 சதவீதம் இருந்தாலே நன்றாக வித்தியாசம் தெரியும். ஆனால் பெரும்பாலான துணிகளில் அது ஊடையில் மட்டுமே ஓடுவதால், அகலவாக்கில் இழுபடும், நீளவாக்கில் இழுபடாது. குந்தி உட்காரும்போது முட்டியும் பின்புறமும் அதிகம் கேட்பது நீளத்தை. வாங்கும்போது துணியை இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்துவிடுங்கள். எலாஸ்டேனுக்கு எமன் இரண்டு: குளோரின் பிளீச், டிரையர் சூடு. அடிபட்ட துணியில் முட்டி பொம்மிக்கொண்டு நிற்கும், மேற்பரப்பில் மயிரிழை போல வெள்ளை நூல்முனைகள் எட்டிப் பார்க்கும். அப்புறம் சரிசெய்ய வழியே இல்லை.

துணியை விட அதிகம் பேன்ட்களைக் கொல்வது அளவு. குறிப்பாகக் கவட்டை. இறுக்கமாக இருந்தால் கிழியும் என்பது எல்லோருக்கும் தெரியும். தாழ்வாகத் தொங்கினாலும் கிழியும் என்பது பலருக்குத் தெரியாது. கவட்டை நான்கு விரல் கீழே தொங்கினால், காலை அகட்டும்போது அது இரண்டு தொடைக்கும் நடுவே கட்டிய கயிறு மாதிரி விறைத்து இழுக்கும். ஏணியில் ஒரு கால் வைத்ததும் மொத்தப் பேன்டும் இடுப்பிலிருந்து கீழே இறங்குவது இதனால்தான். உடம்பை ஒட்டி உயரத்தில் இருக்கும் கவட்டை, அதில் வைர வடிவில் ஒரு தனித் துணித்துண்டு வைத்துத் தைத்தது, இதுதான் சரியான அமைப்பு. சாதாரணப் பேன்டில் நான்கு தையல் வந்து ஒரே புள்ளியில் சந்திக்கும். இழுவை முழுவதும் அந்தப் புள்ளியில்தான். துண்டு வைத்தால் அந்தச் சந்திப்பு பிரிந்து, இழுவையும் பரவிவிடும்.

போட்டுப் பார்க்கும்போது கண்ணாடி முன் நின்றால் போதாது. போனையும் சாவியையும் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு முழுதாகக் குந்துங்கள். இடுப்பளவு நாற்காலி மேல் ஒரு காலைத் தூக்கி வையுங்கள். சம்மணம் போடுங்கள். ஒரு முட்டி போட்டு, முன்னால் குனிந்து தரையைத் தொடுங்கள். பின்னிடுப்பு இறங்கி முதுகு தெரிந்தால் கவட்டையிலிருந்து இடுப்பு வரை உயரம் பற்றவில்லை. முட்டியில் துணி பட்டம் மாதிரி விறைத்தால் ஒரு அளவு கூட்டுங்கள், இடுப்பைத் தையல்காரரிடம் பிடித்துக்கொள்ளலாம். விறைத்த துணி தரையில் உரசினால் நூல் அறுவது தளர்ந்த துணியை விட வெகு சீக்கிரம். கால் நீளம் பார்க்கும்போது சுருக்கத்தையும் கணக்கில் வையுங்கள். 32 அங்குல நீளத்தில் 3 சதவீதம் என்றால் ஒரு அங்குலம். முன்சுருக்கம் செய்யாத பருத்தி இன்னும் அதிகம் எடுக்கும். முதல் துவைப்புக்குப் பிறகே அடியை வெட்டித் தைப்பது நல்லது.

அடுத்து பேன்டை உள்பக்கம் திருப்புங்கள். தரம் தெரிவது அங்கேதான். இரண்டு துணி ஓரமும் ஒன்றுக்குள் ஒன்று மடங்கி, மேலே இரண்டு அல்லது மூன்று வரிசைத் தையல் ஓடினால் நல்ல வேலை. வெறும் ஓவர்லாக் (ஓரத்தைச் சுற்றிப் பின்னும் தையல்) மட்டும் இருந்தால், துணி எவ்வளவு கனமானாலும் தையலில் பிளக்கும். பின்புறத் தையலில் சங்கிலித் தையல் இருப்பது குறையில்லை, அது கொஞ்சம் நீண்டு கொடுக்கும். ஆனால் ஒரு கண்ணி அறுந்து, நூல்முனையைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று பிரிந்துவிடும். அதனால் இரண்டு மூன்று வரிசை வேண்டும். அங்குலத்துக்கு 7 முதல் 9 தையல் போதும். நெருக்கமாகத் தைத்தால் பலம் என்று நினைப்பார்கள். கனத்த துணியில் அதுவே தபால்தலை ஓரம் போல ஓட்டை வரிசையாகி, அங்கேயே கிழியும். நூல் பாலியெஸ்டராக இருக்க வேண்டும். தொங்கும் நூல்முனை ஒன்றை வெட்டித் தீயில் காட்டினால் உருண்டு மணியாகும். பருத்தி நூல் சாம்பலாகும்.

பாக்கெட் முனையில் ரிவெட் (உலோகக் குமிழ்) அடிப்பது 1873-ல் ஜேக்கப் டேவிஸும் லீவை ஸ்ட்ராஸும் காப்புரிமை வாங்கிய யோசனை. இன்றைக்கு ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நெருக்கமாக ஓட்டும் பார்டாக் தையலே அந்த வேலையைச் செய்துவிடும். பின்பாக்கெட்டில் ரிவெட் இல்லாததே மேல், வண்டி சீட்டையும் பெயின்ட்டையும் கீறாது. லீவைஸ் கம்பெனியே மரச்சாமான் கீறுகிறது என்ற புகாரால் 1937-ல் பின்பாக்கெட் ரிவெட்டைத் துணிக்குள் மறைத்துத் தைத்தது.

அளவு டேப்பின் கிளிப்பை மாட்டும் இடம் தனிக் கதை. ஒரே இடத்தில் மாட்டி மாட்டி, பாக்கெட் ஓரத்தில் அரை அங்குல அகலத்துக்கு எலி கடித்த மாதிரி ஒரு வெட்டு விழும். ஓரத்தில் கார்டுரா நைலான் பட்டை வைத்தவை தாங்கும். பாக்கெட்டின் உட்பை பெரும்பாலும் மெல்லிய துணிதான். திருகாணி போட்டு வைப்பவர்கள் அதைத் தடவிப் பார்த்து வாங்க வேண்டும். சுத்தியல் மாட்டும் வளையம் தேவையில்லையென்றால் வெட்டி எறிந்துவிடுங்கள். கதவுக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு தொடைத் தையலையே பிடுங்கிவிடும்.

முட்டி போட்டுச் செய்யும் வேலைக்கு இரட்டைத் துணி வேண்டும், அல்லது முட்டிக்குப் பேட் (மெத்தை) வைக்கும் உறை. கார்ஹார்ட் கம்பெனியின் 12 அவுன்ஸ் இரட்டை முன்பக்க டக் பேன்டில் அடியில் திறப்பு விட்டிருப்பார்கள். பேட் செருகவும் உதவும், உள்ளே சேரும் மண்ணைத் தட்டவும் உதவும். திறப்பே இல்லாத இரட்டைத் துணியில் மணல் சேர்ந்து உள்ளிருந்தே அரிக்கும். நின்றுகொண்டு பார்த்தால் பேட் உறை சரியான இடத்தில் இருக்கும், முட்டி போட்டதும் நகர்ந்திருக்கும். தரையில் சாக்பீஸ் தூளைத் தூவி, வழக்கமாக வேலை செய்வது போல முட்டி போட்டு எழுந்திருங்கள். துணியில் பதிந்த வெள்ளை வட்டத்தின் நடுவில்தான் பேடின் நடு வர வேண்டும். ஈஎன் 14404 தரத்தில் இப்படி உறையில் வைக்கும் பேட் இரண்டாம் வகை. பேடையும் பேன்டையும் சேர்த்துத்தான் அந்தச் சான்று, வேறு கம்பெனி பேடைச் செருகினால் பொருந்தாது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. ஈரக் கான்கிரீட்டில் எந்தத் துணிப் பேன்டோடும் முட்டி போடாதீர்கள். அதன் காரத்தன்மை பிஎச் 12-க்கு மேல். துணி அதை உறிஞ்சித் தோலோடு பிடித்து வைக்கும். முதலில் வலி தெரியாது, சில மணி நேரம் கழித்துத் தோல் வெந்திருக்கும். முட்டியையும் மூடும், நீர் புகாத ரப்பர் உறை போட வேண்டும். நனைந்துவிட்டால் உடனே கழற்றி நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

ஜீன்ஸைத் துவைக்கவே கூடாது என்ற அறிவுரை அழகுக்குப் போடுபவர்களுக்கானது. வேலை பேன்டில் மணலும் சிமென்ட் தூளும் நூலிடுக்கில் உட்கார்ந்து, ஒவ்வொரு அடிக்கும் உள்ளே அறுக்கும். முதலில் உதறுங்கள். ஜிப்பைப் பூட்டி, உள்வெளியாகத் திருப்பி, 30 அல்லது 40 டிகிரி நீரில் துவைத்து நிழலில் காயவையுங்கள். இரண்டு மூன்று பேன்டை மாற்றி மாற்றிப் போட்டால் ஈரத்தோடு மறுநாள் ஏறுவதும் தவிரும். ஜிப் சிக்கினால் பல்லில் மெழுகுவத்தியைத் தேய்த்தால் போதும்.

ஒட்டுப் போடும் நேரம் ஓட்டை விழுந்த பிறகு இல்லை, வெளிச்சம் தெரிய ஆரம்பித்த அன்று. ஓட்டை விழுந்துவிட்டால் சுற்றியுள்ள மெலிந்த துணியில் தையலே நிற்காது. மெலிந்த இடத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் 2 அங்குலம் கூடுதலாக வெட்டி, மூலைகளை வட்டமாக்கி, உள்பக்கம் வைத்துத் தைக்க வேண்டும். சதுர மூலையில் இழுவை குவிந்து அங்கேயே புதுக் கிழிசல் பிறக்கும். ஒட்டுத்துணி பேன்டை விட விறைப்பாகவும் இருக்கக்கூடாது. கால் குழாய்க்குள் மெஷின் நுழையாது என்பதால், ஒரு வரிசைத் தையல் மட்டும் உள்ள பக்கத்தைப் பிரித்து, ஒட்டுப் போட்டு மறுபடி மூடச் சொல்லுங்கள். ஊசி 100 அல்லது 110 நம்பர். ஒட்டுக்குத் துணி வெளியே தேட வேண்டாம். கழித்துக்கட்டும் பேன்டின் கெண்டைக்கால் பின்பக்கத்தில் உரசலே பட்டிருக்காது. அதை வெட்டி வைத்துக்கொண்டால் போதும், பல முறை துவைத்த துணி என்பதால் இனிமேல் சுருங்கவும் சுருங்காது.