பியானோவா, வயலினா: குன்னூரிலிருந்து கண்டக்டர் ஆக

குன்னூர், ஊட்டிப் பக்கம் சர்ச் கொயரில் பாடி வளரும் பிள்ளைகளில் யாராவது ஒருவருக்கு, கண்டக்டராக நின்று மேற்கத்திய இசை ஆர்கெஸ்ட்ராவையே நடத்த வேண்டும் என்ற ஆசை வந்துவிடும். சரி, முதலில் எதைக் கற்பது?

கண்டக்டர் முன் விரியும் ஸ்கோரில், அதாவது இசைக்குறிப்புப் புத்தகத்தில், எல்லாக் கருவிகளின் பகுதிகளும் ஒரே பக்கத்தில் அடுக்கடுக்காக இருக்கும். புல்லாங்குழல் மேலே, வயலின் போலவே வில்லால் வாசிக்கும் பெரிய கருவியான டபுள் பாஸ் கீழே. பியானோ தெரிந்தவர் அதைப் பத்து விரலுக்குள் சுருக்கி வாசித்துப் பார்த்துவிடலாம். ஆர்கெஸ்ட்ராவே இல்லாத மலையில் இது சாதாரண வசதியா? பி ஃபிளாட் கிளாரினெட் என்ற ஊதுகருவிக்கு 'சி' என்ற சுரம் எழுதியிருந்தால் ஒலிப்பது பி ஃபிளாட் என்ற சுரம். அந்த மாதிரிக் கணக்கெல்லாம் கீபோர்டில் உட்கார்ந்தால்தான் சீக்கிரம் பிடிபடும். பெயர்பெற்ற கண்டக்டர்களான ஜார்ஜ் சோல்ட்டியும் டேனியல் பாரன்பாய்மும் பியானோவிலிருந்து வந்தவர்கள்தான்.

வயலின் தருவது வேறு: கூட்டத்துக்குள் உட்காரும் அனுபவம். கண்டக்டரின் குச்சி மேலே எழும்போதே அடுத்த அடியின் வேகம் தெரிந்துவிட வேண்டும்; தெரியாவிட்டால் வில்கள் ஆளுக்கொரு நேரத்தில் இறங்கும். இதை எதிரே உட்கார்ந்து வாசித்தவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1954இல் மும்பையிலிருந்து வியன்னா போன கண்டக்டர் சுபின் மேத்தா அங்கே டபுள் பாஸும் படித்தார்.

மழை மாத ஈரத்தில் இரண்டுமே படுத்தும். பியானோவில் கட்டை சிக்கும், ட்யூனரை வரவழைக்க வேண்டும். வயலினை நாமே சுருதி கூட்டிக்கொள்ளலாம்.

என்னைக் கேட்டால், மலையில் இருக்கும்வரை பியானோ. கைக்கு அடங்கும் விலையில் 88 கட்டை டிஜிட்டல் பியானோ போதும். சென்னைக்குப் போய் ஆர்கெஸ்ட்ராவில் சேர வழியிருந்தால் வயலின்.